பார்க்காத இடிக்கு ஐந்து நிமிடம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் தைரியம் வராது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஜோகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் பனித்தளத்தில் ஐஸ் ஹாக்கி ஆட்டம். கடிகாரத்தை நிறுத்தி ஓடவிடும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் இன்னொருவரை இடித்தார். நடுவர் என்னிடம் வந்து ஒன்று கேட்டார். நான் பொய் சொன்னேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெயில் ஊரில் பனிக்கு ஒரு தனி—" விட்டுவிட்டேன். அலங்காரம் செய்தால் தள்ளிப்போடுகிறேன் என்று அர்த்தம். பிறகு: "மனோகரன் முரடன்." அதையும் அடித்தேன். அவர் முரடன் இல்லை. ஆறடி உயரம், அவ்வளவுதான்.

நடுவர் சுகந்தினியிலிருந்து தொடங்குகிறேன். இது அவளுடைய கதை. [அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.]

2.

சுகந்தினி பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை கிளினிக்கில் தாதி. வயது முப்பத்தாறு. ஒரு காலத்தில் அவளே ஆடியவள். பின்னாலிருந்து வந்த ஓர் இடியில் முன்பல் இரண்டு போனது. பல் கட்டிக்கொண்டு, மட்டையை வைத்துவிட்டு விசிலை எடுத்தாள். அடிபட்டவளுக்குத்தான் அடி தெரியும் என்று நினைத்தாள். தெரியும்தான். அதுவே வினையாகவும் போனது. பெரிய இடி வரும்போது அவள் கண் தானாக மூடிக்கொள்ளும். அரை நொடிதான். யாருக்கும் தெரியாது. வழக்கமாக நடுவர்கள் இரண்டு பேர். இவள் தவறவிட்டதை மற்றவர் பார்த்துவிடுவார்.

அன்று அவர் சிங்கப்பூரிலிருந்து வரும் காஸ்வே பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். சுகந்தினி தனியாக நின்றாள்.

கோல் கணக்கு மூன்றுக்கு மூன்று. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் நாற்பது நொடி. மூலைக்கு ஓடிய கறுப்பு வட்டை எடுக்க வசந்தன் விரைந்தான். பின்னாடியே எதிரணி மனோகரன். பத்தடி தூரத்தில் சுகந்தினி. கண் மூடியது.

டமார்.

திறந்தபோது வசந்தன் தடுப்புப் பலகைக்கு அடியில் குப்புறக் கிடந்தான். எழுந்திருக்கவில்லை. அவள் கை தானாக மேலே போனது. விசில். மனோகரனுக்கு ஐந்து நிமிடத் தண்டனை, ஆட்டத்தை விட்டும் வெளியே.

இந்த ஆட்டத்தில் தோளால் இடிப்பது குற்றமில்லை. முதுகில் இடித்தால் குற்றம். ஆனால் இடிபடுகிறவரே கடைசி நொடியில் திரும்பி முதுகைக் காட்டினால் கணக்கு மாறிவிடும். அதனால்தான் நடுவர் தான் பார்த்ததற்கு மட்டும் தண்டனை தர வேண்டும்.

தண்டனையைப் பதிய மேசைக்கு வந்தவள், குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டாள்.

"அண்ணா, பின்னாலேர்ந்துதானே?"

"நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேம்மா."

(பார்த்தேன். மனோகரன் தோளுக்குத்தான் வந்தார். வசந்தன்தான் திரும்பினான். வசந்தன் என் மனைவியின் தம்பி. பனித்தளத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி பிரவீனா அலறிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில், 'இல்லம்மா, தப்பு இவன் மேலதான்' என்று எப்படிச் சொல்ல?)

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்தக் காலத்தில் யாரும் கைப்பேசியில் பிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். பிரவீனாவே பிடித்தாள். சரியாக அந்த நொடியில் கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் பட்டு எல்லாம் வெள்ளை.

3.

வசந்தனுக்குக் காறை எலும்பு முறிந்தது. இப்படி ஒருவரை வெளியே அனுப்பினால் நடுவர் இரண்டு நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். சுகந்தினிக்கு அறிக்கை எழுதுவது புதிதில்லை. கிளினிக்கில் விரல் நசுங்கி வருகிறவர்களுக்கு அவள் நிரப்பும் படிவத்தில் இரண்டு கட்டம் உண்டு: நேரில் பார்த்தது, பிறர் சொன்னது. ஒன்றில் எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதியதாக அவள் மேல் ஒரு புகாரும் வந்ததில்லை.

இங்கே ஒரே கட்டம். திங்கள் முழுக்க அது காலியாகவே இருந்தது. 'பின்புறமிருந்து' என்று எழுதினாள், அழித்தாள். (நானும் அந்த வாரம் இந்தப் பத்தியை நான்கு தரம் எழுதி அழித்தேன். இருவரும் ஒன்று என்று காட்டிக்கொள்ளப் பார்க்கிறேன். இல்லை. அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும்.)

செவ்வாய் மதியம் கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு மனோகரன் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வேலைச் சட்டையோடு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

[முதல் பிரதியில் இங்கே அவரைக் கத்தவிட்டேன். அவர் கத்தவில்லை.]

"ரெஃப், ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? நீங்க பார்த்தீங்களா?"

சுகந்தினி பேனாவை மூடினாள், திறந்தாள்.

"பார்க்கல."

"அப்புறம் ஏன் கை தூக்கினீங்க?"

"அவரு எந்திரிக்கல."

மனோகரன் தலையாட்டினார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"நானும் அதைத்தான் பார்த்துக்கிட்டே இருக்கேன். கிரேன்ல ஏறினாலும் அதே ஞாபகம். தோளுக்குத்தான் போனேன்னு அன்னிக்கு அடிச்சுச் சொன்னேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. முதுகுலதான் இடிச்சிட்டேனோ?"

"அதை நீங்க என்கிட்ட கேக்காதீங்க."

"வேற யார்கிட்ட கேக்குறது லா? ரெண்டு பேருதான் பக்கத்துல இருந்தோம்."

அவர் போன பிறகு சுகந்தினி அறிக்கையை நிரப்பினாள். மூன்றே வரி. 'இடி நிகழ்ந்தபோது என் கண் மூடியிருந்தது. வீரர் எழாததைப் பார்த்துத் தண்டனை வழங்கினேன். அது என் தவறு.' அனுப்பிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

4.

ஒழுங்குக் குழுவின் தலைவர் சதாசிவம். அவரை வில்லனாக்கிவிட்டால் கதைக்கு வசதி. ஆனால் ஞாயிறுதோறும் தன் காரில் எல்லா அணியின் பைகளையும் ஏற்றி இறக்குகிற மனிதர் அவர். மறுநாள் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பின்னாலேர்ந்துன்னு எழுதிட்டா முடிஞ்சு போச்சு. கண்ணை மூடிட்டேன்னா உன்னையும்ல விசாரிக்கணும்?"

"விசாரிங்க சார்."

"விசில் போயிரும்மா."

"தெரியும் சார்."

முடிவு இப்படி வந்தது: சுகந்தினி இந்தப் பருவம் முழுக்க நடுவராக நிற்க முடியாது. பார்த்தவர் யாராவது இருந்தால் அடுத்த வெள்ளிக்குள் எழுதிக் கொடுக்கலாம். இல்லையென்றால் காயத்தை வைத்து மனோகரனுக்கு ஒரு வருடத் தடை.

அன்று மாலை வசந்தன் வீட்டுக்குப் போனேன். கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தான். "மாமா, நான் திரும்பினேனா என்ன? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்றான். பிரவீனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

5.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

மனோகரன் தானே குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். செய்யாத குற்றம். வாசகர் கண் கலங்கலாம், எனக்குக் கை கூசியது.

பிரவீனாவின் படத்தை யாரோ தெளிவாக்கி உண்மை வெளியே வருகிறது. நான் வாயே திறக்க வேண்டாம். இது எனக்கு மிகவும் பிடித்த—

வேண்டாம்.

அடுத்த வாரப் புதன்கிழமை, வேலை முடிந்து வந்த சுகந்தினியை ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் சந்தித்து, இதுவரை எழுதியதைக் கொடுத்தேன். எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். கண் மூடிய விஷயத்தை எழுத அனுமதி தந்ததும் அவள்தான். நிதானமாகப் படித்தாள். இரண்டாம் பகுதியில், அடைப்புக்குறி திறக்கும் இடத்தில், நின்றாள். மறுபடி மேலிருந்து படித்தாள்.

"அண்ணா, கடிகாரக்காரரு பார்த்தாருன்னு போட்டிருக்கீங்க."

"ம்."

"இது கதைக்காகப் போட்டதா? நெசமா?"

பக்கத்து மேசையில் பேச்சுச் சத்தம் அதிகமாக இருந்தது. கேட்கவில்லை என்று நடித்திருக்கலாம். அவள் இன்னொரு தரம் கேட்டாள், இன்னும் மெதுவாக.

நான் வாயைத் திறந்தேன்.

இங்கே முடிவை உங்கள் கையில் கொடுப்பதுதான் மரியாதை. கொடுக்கப் பயமாக இருக்கிறது. நீங்கள் நல்ல மனசுக்காரர்கள். உங்களிடம் விட்டால் என்னை உண்மை பேச வைத்துவிடுவீர்கள், பேசியவன் என்றே நம்பியும்விடுவீர்கள்.