நாலாம் வாய்க்காலுக்கு ஒரே கிழமை

விவசாயப் போதனாசிரியர் என் கடதாசியை வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார். பள்ளிக்கூடக் கொட்டிலில் நாலாம் வாய்க்கால்காரர் எல்லாரும் பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் இடிக்க இருந்தார்கள். கடதாசியின் அடியில் வாய்க்கால் குழுச் செயலாளர் என்று கையெழுத்து வைத்திருந்தவர் என் மனிசன் பரமலிங்கம். எழுதியது நான். அது வாய்க்கால் முழுக்கத் தெரிந்த விசயம். அரசாங்கக் கச்சேரிக்கோ காணிக் கந்தோருக்கோ யாருக்கு என்ன கடிதம் வேண்டுமென்றாலும் என் குசினி வாசலுக்குத்தான் வருவார்கள். கார்பன் வைத்து எழுதி, ஒரு பிரதியைத் திகதி போட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம்.

அந்தப் பிரதிகளிலிருந்துதான் இந்தக் கடதாசி பிறந்தது. போன மாரியில் படைப்புழு தின்ற வயல்களுக்கு நட்டஈடு கேட்டு ஆளாளுக்கு எழுதிக் கொடுத்தவள் நான்தானே. ஒருநாள் பிரதிகளைப் பாயில் பரப்பி, யார் எப்போது விதைத்தது, யாருடைய வயலில் எந்தத் திகதியில் புழு கண்டது என்று ஒரு தாளில் கோடு போட்டு அடுக்கினேன். அடுக்க அடுக்க ஒரு வழி தெரிந்தது. புழு வானத்திலிருந்து விழவில்லை. தலைமடையில் ஐயாத்துரை அண்ணையின் வயலில் தொடங்கி, அங்கே பயிர் முற்றிக் கடிக்க முடியாமல் போனதும், வரம்பு கடந்து, அப்போதுதான் இரண்டு இலை விட்டிருந்த பக்கத்து வயலுக்கு நடந்திருக்கிறது. அங்கிருந்து அடுத்தது. நாங்கள் இருபத்துமூன்று வீட்டாரும் நாற்பத்தேழு நாளாக விதைத்து அதற்குப் பந்தி வைத்திருக்கிறோம்.

ஏன் நாற்பத்தேழு நாள் என்று போதனாசிரியர் கேட்டார். அவர் மட்டக்களப்புப் பக்கத்து ஆள், எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. எங்கள் ஆட்கள் வாங்குப் பலகையைச் சுரண்டினார்கள். கடைசியில் முத்தலிப் நானாதான் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"இவங்கட ஆக்களுக்கு ரெண்டு பஞ்சாங்கம் ஐயா. ஒண்டு வாக்கியம், ஒண்டு திருக்கணிதம். அதுக்கு மேல ஆளுக்கொரு நட்சத்திரம், ஆளுக்கொரு சந்திராட்டமம். கிரகமெல்லாம் புழுவுக்குத்தான் உச்சத்தில நிக்குது."

வாய்க்காலில் நாலு வயல் செட்டிகுளத்து முஸ்லிம் ஆட்களுடையது. முத்தலிப் நானாவுடையது கடைமடையில், எங்களுக்கு அடுத்தது. சிரிப்பு அடங்கியதும் போதனாசிரியர் கடதாசியில் நான் எழுதிய மூன்று பந்திகளையும் சத்தமாக வாசித்தார். ஒன்று, எல்லாரும் ஒரே கிழமைக்குள் விதைக்க வேண்டும். இரண்டு, முதல் புழுவைக் கண்டவர் தடியில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். அன்றைக்கே எல்லா வயலுக்கும் தண்ணீர் விட அரசாங்கம் உத்தரவு தர வேண்டும். தண்ணீர் ஏறப் புழு பயிர் நுனிக்கு ஏறும், மண்ணெண்ணெயில் தோய்த்த கயிற்றை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் தண்ணீரில் விழுந்து சாகும். மூன்று, விதைப்புத் தண்ணீரைக் கடைமடைக்கு முதலில் விட வேண்டும். கடைமடை நிறையும்வரை தலைமடைக்காரர் தங்கள் மடையைத் திறக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஒரே கிழமை என்பது கதைக்குத்தான்.

"இதை எங்கட கந்தோரில ஒருத்தரும் எழுதேல்லை," என்றார் அவர். என் மனிசன் வாங்கில் நெளிந்தார். "நான் சிபாரிசு செய்து அனுப்புறன். சரியெண்டு கண்டா எல்லா வாய்க்காலுக்கும் இதையே திட்டமாக்கச் சொல்லி எழுதுறன். ஆனா இருபத்துமூண்டு கையெழுத்தும் வேணும். ஒண்டு குறைஞ்சாலும் மேல கேக்க மாட்டினம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில என்ர கைக்கு வரோணும்."

அன்று திங்கட்கிழமை.

வீட்டுக்கு நடக்கையில் என் கால் நிலத்தில் படவில்லை. என் மனிசன் மட்டும் மண்ணைப் பார்த்து நடந்தார். போன மாரியில் எங்கள் ஐந்து ஏக்கரும் இரண்டே இரவில் மொட்டையானபோது அவர் சொன்ன சொல் இன்னும் அப்படியே இருந்தது. இன்னொருமுறை புழுவுக்குக் கொடுத்தால் அரசாங்கம் தந்த காணியைத் திருப்பி ஒப்படைத்துவிட்டுச் சுன்னாகத்துக்கே போய்விடுவோம், தன் தமையனின் சுருட்டுக் கொட்டிலில் இலை கிழித்துப் பிழைப்போம் என்று. சுன்னாகத்தில் தமையன் வீட்டின் ஒற்றை அறையில் ஆறு வருடம் இருந்தவள் நான். உப்புக்கும் தமையன் மனிசியிடம் கேட்டுத்தான் எடுத்தேன். இங்கே என் வேலிக்குள் நின்று என் அடுப்புக்கு விறகு முறிக்கிறேன். இதைச் சொன்னால் அழுகை வரும் என்று சொல்லவில்லை. மூன்றாம் பந்தியைப் பற்றித்தான் கதைத்தேன்.

செவ்வாயும் புதனும் வேலி வேலியாக ஏறி இறங்கினேன். எல்லாருக்கும் திட்டம் பிடித்திருந்தது, கிழமைதான் பிடிக்கவில்லை. ஒருவருக்கு அந்தக் கிழமையில் சந்திராட்டமம். இன்னொருவருக்கு வாக்கியப்படி நல்ல நாள், மனிசியின் பஞ்சாங்கப்படி மரணயோகம். மயில்வாகனம் அண்ணை விதைநெல்லைத் தொடவே மாட்டேன் என்றார். புதன் மத்தியானம் ஒன்பது கையெழுத்தோடு வாய்க்கால் கட்டின் மேல் குந்திவிட்டேன். எதிர்ப்பக்கம் முத்தலிப் நானா மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பஞ்சாங்கமே இல்லை தங்கச்சி. தண்ணி வந்தா விதைப்பன். வேணுமெண்டா எல்லார்ர வயலிலயும் நானே முதல் பிடியைப் போட்டு விடுறன். எந்தக் கிரகமும் என்னோட கோவிக்காது."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் நான் எழும்பிவிட்டேன். எங்கள் ஊர்களில் விதைப்பு நாள் என்பது முதல் பிடி போடுகிற கைக்குரிய நாள். கைராசிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுப் போடுவித்தால் அவருக்குத்தான் நாள் பார்ப்பார்கள். பிறகு வீட்டுக்காரர் விதைக்க ஒரு தடையும் இல்லை. போன மாரியில் வாய்க்காலிலேயே முழுசாக அரிவு வெட்டியது நானா ஒருவர்தான். கைராசிக்கு வேறு என்ன சாட்சி?

"எந்த நட்சத்திரத்தில பிறந்தனீங்கள் நானா?"

"உம்மா சொல்லுவா, குளம் உடைஞ்ச வருசமெண்டு. மற்றது தெரியா."

தெரியாதது எவ்வளவு நல்லது. தெரியாத நட்சத்திரத்துக்கு யார் சந்திராட்டமம் கணிப்பது! ஓடினேன் என்றே சொல்லலாம். மயில்வாகனம் அண்ணை வெற்றிலையை மென்றபடி யோசித்து, போன மாரி அவற்ற நெல்லு எப்பிடி நிண்டது எண்டு கண்டனான்தானே, வந்து போடட்டும் என்றார். அவர் வைத்த கையெழுத்து மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு வந்தது. வியாழன் காலை இருபத்திரண்டு.

மிச்சம் ஐயாத்துரை அண்ணை. முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினார். அவர் மனிசி அன்னபாக்கியம் அக்கா கோப்பி தந்தா. நாள் பற்றியோ நானா பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடதாசியை வாங்கி நேராக மூன்றாம் பந்திக்குப் போனார்.

"இது என்னைப் பற்றித்தானே பிள்ளை எழுதியிருக்கிறீர்?"

தலைமடையில் இருப்பவர் அவர். முதல் தண்ணீரும் அவருக்கு, முதல் விதைப்பும் அவருக்கு. காடு வெட்டக் கோடரியோடு முதல் வந்தவரும் அவர்தான். பாம்பு கடித்துச் செத்த தம்பியை இந்த மண்ணில்தான் வைத்தார். நான் பொய் சொல்லவில்லை. ஓம் அண்ணை, உங்களைப் பற்றித்தான், என்றேன். என் தாளையும் விரித்து, புழு அவருடைய வயலில் தொடங்கிய திகதியைக் காட்டினேன். கோப்பி ஆறிப்போனது. அவர் விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்துக் கீழே கீழே இழுத்து, கடைசிப் பெட்டியில், எங்கள் வயலில், நிறுத்தினார்.

"உங்கடதிலயோ முடிஞ்சது?"

"ஓம்."

பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். நான் எழும்புகையில் சொன்னார்: "கையெழுத்துக் கடதாசியிலதான் பிள்ளை. மடையில இல்லை."

இதை நான் என் மனிசனுக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் போய், பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. இங்கிலிஷில் தட்டச்சு செய்திருந்தார்கள். போதனாசிரியர் சைக்கிளில் வந்து, இறங்காமலே ஒரு காலை ஊன்றித் தமிழில் சொல்லிக் காட்டினார். என் மூன்று பந்தியும் அதே ஒழுங்கில் இருந்தன. பக்கத்து வாய்க்கால்காரரும் பிரதி கேட்கிறார்களாம். இந்தப் போகம் எங்களுடையதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார்களாம். அன்றைக்கு நான் சோற்றுக்கு இரண்டுதரம் உப்புப் போட்டேன். என் மனிசன் அதையும் வழித்துத் தின்றார். தின்றுவிட்டு, இது நீர் எழுதின மாதிரியேதான் வந்திருக்கு, என்றார். பிறகு மண்வெட்டிக்குப் புதுப் பிடி சீவ உட்கார்ந்தார்.

ஐப்பசி பத்தாந் திகதி குளத்துக் கதவு திறந்தார்கள். நாங்கள் கடைமடையில் நின்றோம், நானா, அவர் மனிசி றாபியா, கீழ்ப்பக்கத்துச் சனமெல்லாம். எட்டு மணிக்குத் திறந்த தண்ணீர் பத்து மணிக்கு வரவேண்டும். வாய்க்கால் அடி வெடித்துப் போய்க் கிடந்தது. பத்து மணியாகியும் வெடிப்பு வெடிப்பாகவே இருந்தது. பதினொன்று. ஒருவர் தலைமடைப் பக்கம் பார்த்துக் காறித் துப்பினார். என் மனிசன் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அப்போதுதான் அந்தச் சொல்லை அவருக்குச் சொன்னேன், மடையில இல்லை என்று ஐயாத்துரை அண்ணை சொன்னதை. நானா என் பக்கம் திரும்பி, மெல்ல, "பொறு தங்கச்சி," என்றார்.

வளைவுக்கு அப்பால் ஐயாத்துரை அண்ணையின் தலை தெரிந்தது. வாய்க்காலுக்குள்ளே நடந்து வந்தார். சாரத்தைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, முள்ளையும் சருகையும் மண்வெட்டியால் அள்ளி இரண்டு பக்கக் கட்டின் மேலும் எறிந்து எறிந்து, ஒவ்வொரு அடியாக. உடம்பெல்லாம் சேறு. எங்களை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருடைய குதிக்காலுக்குப் பின்னால், நுரையும் காய்ந்த மருத இலையும் உருட்டிக்கொண்டு, வெடிப்பு வெடிப்பாய் நிரப்பிக்கொண்டு, ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.