கோட்டுப் போட்ட ஐயாவு

ஐயாவுக்குக் கோட்டுப் போட வேண்டுமாம். காலுக்குப் பளபளவென்று சப்பாத்தும் வேண்டுமாம். உயிரோடு இருந்தவரை அந்த மனுஷனுக்கு ஒரு நல்ல சிலிப்பர் வாங்கிக் கொடுக்க வக்கில்லாத பிள்ளைகள், செத்த பிறகு களிமண்ணில் சப்பாத்து கேட்டார்கள்.

திலகாவுக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் ஐயாவுவின் சின்ன மருமகள், சுகுமாறனின் மனைவி. புக்கிட் ரோத்தான் வீட்டு அடுப்படியிலேயே பாலிமர் களிமண்ணில் கல்யாணக் கேக்குப் பொம்மைகள் செய்து விற்பவள். விரல் நீளப் பொம்மையில் மூக்குத்திக் கல்கூடத் தெரியும். மண்ணு விளையாட்டு என்று இத்தனை நாள் கேலி பேசிய குடும்பம், மாமனாரின் முதல் வருஷத் திதிக்குப் படையலில் வைக்க அவர் உருவத்தைச் செய்து தரச் சொல்லி இளித்துக்கொண்டு வந்தது.

ரவாங்கிலிருந்து மூத்தவர் தங்கராஜு போனில் கூப்பிட்டார். "அப்பாவ கௌரவமா காட்டணும் திலகா. கைவெச்ச நாற்காலியில கோட்டுப் போட்டு உக்காந்திருக்கணும். கைலி கட்டி வெச்சிறாத லா, ஆளுங்க வருவாங்க."

சுங்கை பெசாரிலிருந்து சுகுமாறனின் அக்கா, கண்மணி அண்ணி, "கலரு கொஞ்சம் தூக்கலா போடு. அப்பா செவப்புதான்" என்றாள்.

செவப்பாம்! நாற்பது வருஷம் தோட்டத்து வெயிலில் வெந்த உடம்பு. கடைசி மூன்று வருஷம் அதைக் குளிப்பாட்டித் துடைத்தவள் திலகா. இந்த மகாராணி ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனவள். சுகுமாறன் மட்டும் என்ன வாழ்ந்தான்? ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அப்பாவின் அறை வாசலைத் தாண்டியதில்லை. "சாப்டாரா?" என்று கூடத்திலிருந்தே கேட்பான். கண் போனில் இருக்கும்.

மறுநாள் தங்கராஜு ஒரு பழைய படத்தை அனுப்பி, இந்தக் கோட்டு மாதிரியே செய் என்றார். தோட்டத்து ஆபீஸ் முன்னால் எடுத்த படம். நடுவில் நாற்காலி போட்டுக் கோட்டும் சப்பாத்துமாக உட்கார்ந்திருந்தவர், தோட்டத்துக் கணக்குப் பார்த்த பழைய கிராணி. பின்வரிசை ஓரத்தில், பாதி முகம் மறைந்து, வெறுங்காலோடு நின்றவர்தான் ஐயாவு.

அந்தக் கிராணியைப் பற்றி மாமா அவளிடம் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று லோரி கேட்கப் போனவரை மழையில் நிற்க வைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த ஆள். "மொதப் பிள்ள அப்படித்தான் போச்சும்மா" என்றார் மாமா. அன்றைக்கு அதற்கு மேல் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

திலகா படத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் கேட்கிற அப்பா இதோ ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாரே! அந்த வயிற்றெரிச்சலில்தான் முடிவு செய்தாள். கிராணியையே செய்வது. யாராவது ஒருத்தர் இது அப்பா இல்லை என்று சொல்லட்டும். மற்றவர்கள் கிடக்கட்டும், தன் புருஷன் சொல்லட்டும். சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே இதை உடைத்துப் போட்டுவிட்டு மாமாவை மாமாவாகவே செய்து தருவாள். அவனோடு மிச்ச காலத்தையும் ஓட்டிவிடுவாள். சொல்லாவிட்டால் அவன் யாரோ, அவள் யாரோ.

கம்பியை வளைத்து, அலுமினியத் தாளைச் சுருட்டி உடம்பு கட்டினாள். களிமண்ணைக் கைச் சூட்டில் பிசைந்து இளக்கி, ஊசி முனையால் புருவ மயிரைக் கீறினாள். கிராணிக்கு இரட்டைத் தாடை, தடித்த உதடு. மாமாவுக்கு ஒட்டின கன்னம், விடைத்த காது. ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள். ஏமாற்றிவிட்டாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. சின்ன ஓவனில் வைத்து எடுத்தபோது கிராணி கெட்டியாக, சிவப்பாக, யாரையும் மதிக்காத பார்வையோடு வெளியே வந்தார்.

திதியன்று பலகையில் பொம்மையை வைத்து, முன்னால் இலை போட்டுக் கோழிக்கறி பரிமாறினார்கள். தங்கராஜு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அப்பாவே வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

கண்மணி ஓவென்று அழுதாள். "அந்த உதட்டப் பாருங்க, அப்படியே எங்கப்பா!" அடிப் பாவி! அழுகையோடு அழுகையாகக் கிராணியின் நெற்றியில் திருநீறும் பூசிவிட்டாள்.

திலகா சுகுமாறனின் பக்கம் திரும்பினாள். "நீங்க கிட்டப் போயி நல்லா பாத்துச் சொல்லுங்க. இது அப்பாவா?"

குனிந்தான். அவன் முகத்துக்கும் பொம்மைக்கும் ஒரு சாண்தான் இருந்தது. சொல்லிவிடுவான் என்றே ஒரு கணம் நம்பிவிட்டாள்.

"என்ன கேள்வி இது? எங்கப்பாவ எனக்குத் தெரியாதா?" என்று நிமிர்ந்தான். "சூப்பர் லா!" போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டான்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இவனுக்கா இத்தனை வருஷம் பொங்கிப் போட்டோம் என்று அருவருப்புதான் வந்தது.

சூடம் காட்டினார்கள். ஒவ்வொருவராக விழுந்து கும்பிட்டார்கள். திலகா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"மாமனாருக்கு ஒரு தடவ விழுந்தா இடுப்பு ஒடிஞ்சிருமா?" என்று கண்மணி சீறினாள்.

"மாமா வரட்டும் அண்ணி. விழுறேன்."

நாலு பேர் முன்னால் மானம் போகிறதே என்று சுகுமாறன் பல்லைக் கடித்தான். "விடுங்கக்கா, அவளுக்கும் சேத்து நானே விழுறேன்" என்று சொல்லிவிட்டு, கிராணியின் காலடியில் இரண்டாம் தடவையும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.