குறை சொல்லிக் கற்ற இங்கிலீஷ்

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. சுவர் மெலிசு, அதற்கு நான் என்ன செய்ய? பக்கத்து வீட்டுத் தையல்காரி தினம் சாயங்காலம் ஐந்தரைக்கு இங்கிலீஷில் சண்டை போடுவாள். அது தானாக என் காதில் விழும்.

விஷயம் இதுதான். அவள் வேலை பார்க்கிற உடுப்புக் கம்பெனியில், அவள் தைக்கிற லைனுக்கு சூப்பர்வைசர் இடம் காலி. சட்டைகளை மொத்தமாக வாங்கும் வெளிநாட்டுக்காரர் சுற்றிப் பார்க்க வருகிறார். அவரோடு பத்து நிமிஷம் யார் திக்காமல் பேசுகிறாளோ அவளுக்கே பதவி என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இவள் பன்னிரண்டு வருஷமாகக் காலர் மட்டுமே தைக்கிறாள். இதை விட்டால் கண் மங்கும்வரை காலர்தான்.

முதலில் புருஷனிடம் பேசிப் பழகினாள். அவர் பஸ் டிரைவர். இவள் பக்கம் பக்கமாக இங்கிலீஷில் குசலம் விசாரித்தால், "எஸ் எஸ், சாப்பாடு ரெடியா?" என்பார்.

அப்புறம்தான் வாஷிங் மெஷின் கம்பெனியின் இலவச நம்பரைப் பிடித்தாள்.

"அக்கா, தப்பாப் பேசினாலும் 'ஸாரி மேடம்'னு அவங்கதான் மன்னிப்புக் கேக்கறாங்க! போனையும் வைக்க மாட்டேங்கறாங்க. இப்படி ஒரு வாத்தியார் எங்க கிடைப்பாரு?"

அவள் வீட்டில் வாஷிங் மெஷினே கிடையாது. என் வீட்டில் உண்டு. அதன் முதுகில் இருந்த நம்பரை எழுதிக் கொடுத்தது நான்தான். இது நமக்குள் இருக்கட்டும்.

ஒரு நாள் என் மெஷின் கசிந்தது. மறுநாள் குதித்தது. அதற்கும் மறுநாள் புதுப் போர்வையைக் குதறியது. எல்லாம் போனில்தான். நிஜத்தில் அது பாவம், மூலையில் பசு மாதிரி நின்றது.

பத்தாம் நாள் கம்பெனி மெக்கானிக் பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றான். இவள் குறுக்கே பாய்ந்து இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள்.

"அக்கா, நம்ம பாஷையிலயே சொல்லுங்க. எனக்குப் புரியும்."

"நோ நோ, இங்கிலீஷ் ப்ளீஸ்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ஒன்றுமே கெடாத மெஷினைக் கழற்றி, துடைத்து, மாட்டிவிட்டு ஓடியே போனான்.

வெளிநாட்டுக்காரர் வந்த அன்று மத்தியானமே இவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"கெடுத்துட்டேன் அக்கா. 'உங்க லைன்ல என்னென்ன நல்லா இருக்கு?'ன்னு கேட்டாரு. எனக்கு நல்லதைச் சொல்ல ஒரு வார்த்தை வரலை. கத்துக்கிட்டது பூரா குறைதானே!"

"அப்புறம்? வாயை மூடிட்டு நின்னியா?"

"நின்னிருந்தாத்தான் பரவாயில்லையே! ஊசி உடையுது, நூல் நையுது, விசிறி மூணு மாசமா ஓடலை, லைட் கண்ணைக் குத்துது. பத்து நிமிஷம் மூச்சு விடாம சொன்னேன். மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. 'எப்ப ஆள் அனுப்புவீங்க?'ன்னு வேற கேட்டுட்டேன்."

நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். வேலையே போய்விடும் என்றுதான், சொல்லப்போனால், நானும் நினைத்தேன்.

இரண்டு நாள் அவள் போனையே தொடவில்லை. மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு, கசப்பு மருந்தை விழுங்கியவர் மாதிரி சேதி சொன்னாராம். வெளிநாட்டுக்காரர் இவள் சொன்ன அத்தனையையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எல்லாம் ஒரு மாசத்தில் சரியாக வேண்டுமாம். சரியாயிற்றா இல்லையா என்று இந்த அம்மாவே வாராவாரம் தனக்குப் போனில் சொல்ல வேண்டுமாம். மேனேஜர் என்ன செய்வார்? பதவி இவளுக்குத்தான்.

இப்போது வாராவாரம் வீட்டிலிருந்துதான் பேசுகிறாள். நேற்று டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்களுக்குத்தான் எல்லாம் கேக்குமே. போன்ல 'பிராப்ளம், பிராப்ளம்'ங்கறாளே, யாரைப் பத்திச் சொல்றா?"

"விசிறியைப் பத்திப்பா," என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. ராத்திரி அந்த வீட்டில் அவரே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. சுவர் மெலிசு.