தெரு முடியும்வரை

"அந்தச் சட்டையக் கழட்டி வையி ஆத்தா. இன்னைக்கு நீ எங்கிட்டும் போக வேணாம்."

வெள்ளைத்துரை வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றார். மருமகள் சூர்யகலா சுடிதாருக்கு மேல் மாட்டியிருந்த ஆரஞ்சு நிற மேல்சட்டையைத்தான் சொன்னார். அதன் முதுகில் 'துணைக்கரம் பேரிடர் உதவிக் குழு' என்று அச்சடித்திருந்தது. வெளியே முந்தின நாள் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை.

"மாமா, மேல ஏலத்தோட்டத்து லயன் வீடுக மேல மண்ணு சரிஞ்சு கெடக்காம். எங்க குழு பாண்டியராஜ் அண்ணே போன் போட்டுட்டாரு. உள்ள ஆளுக மாட்டியிருக்காங்க."

"கெடக்கட்டும்னு நான் சொல்லலையே. ஆம்பளைக போகட்டும். தெருவுக்குக் காப்புக் கட்டியிருக்கு. நாளைக்கு முத்தாலம்மா இந்த வாசலுக்கு வரப்போறா. நீ எழவு விழுந்த எடத்தெல்லாம் மிதிச்சுட்டு வந்து எந்த வாசல்ல ஏறுவ?"

"எழவுன்னு யாரு மாமா சொன்னா? உசுரோட இருக்கவுகளத் தூக்கத்தான் கூப்புடுறாங்க."

புருஷன் லிங்கேஸ்வரன் கட்டிலில் உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். போடியில் ஏலக்காய் வாங்கி விற்பவன். கடையில் விலை பேசும்போது அவனுக்கு இருக்கிற குரல், அப்பா எதிரே நின்றால் எங்கோ போய்விடும்.

வெள்ளைத்துரை கெட்டவர் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் சூர்யகலா இந்தக் குழுவில் பயிற்சிக்குப் போனபோது தடுக்கவில்லை. வெள்ளத்தில் அரிசி கொடுத்தவர்களின் படம் பத்திரிகையில் வந்தபோது, டீக்கடையில் விரித்துவைத்து "நம்ம மருமக" என்று காட்டினார். அரிசி கொடுப்பது புண்ணியம். மருந்து கொடுப்பது புண்ணியம். புண்ணியம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

"சரி, போ," என்றார் கடைசியில். "காயம்பட்டவுகள எத்தனை பேர வேணாலும் தெரு வழியாக் கொண்டாங்க. ஆனா பொணம் வரக்கூடாது. காலனிப் பொணம் இந்தத் தெருவுல என்னைக்கும் வந்ததில்ல. காப்புக் கட்டுன தெருவுல எந்தப் பொணமும் வராது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு மாமா."

அவர் விலகி வழிவிட்டார்.

கரட்டூர் குரங்கணி மலையடியில் ஒற்றைத் தெருவாக நீண்டு கிடக்கிற ஊர். மேல்கோடியில் மலைப்பாதை தொடங்கும். கீழ்க்கோடியில் போடிக்குப் போகிற தார்ரோடு. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனி. காலனியில் யார் செத்தாலும், மலைத் தோட்டத்தில் செத்து இறக்கிக்கொண்டு வந்தாலும், ஓடைத் தடத்தில்தான் போக வேண்டும். அது எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது கிழித்திருப்பார்கள்.

இன்று ஓடை இரண்டு கரையையும் தின்றுகொண்டு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. தடம் தண்ணீருக்குள் இருந்தது. தெரு நடுவே கோவிலுக்கு முன்னால் குறுக்காகப் பந்தல் போட்டிருந்ததால் பாண்டியராஜின் ஜீப்பால் அதைத் தாண்டி மேலே வர முடியவில்லை. நாலு கம்பைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, சாமிக்குக் கால் நட்ட பந்தலைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஜீப்பைப் பந்தலுக்குக் கீழ்ப்பக்கமாக நிறுத்திவிட்டு எல்லோரும் நடந்தே மலை ஏறினார்கள்.

லயன் இருந்த இடத்தில் லயன் இல்லை. நசுங்கிய ஏலச்செடிகளின் வாசம் மழையோடு சேர்ந்து மூச்சை அடைத்தது. தகரக் கூரை ஒன்று தாளைக் கசக்கிப் போட்டதுபோல் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருட்டு விலகுமுன் ஓடிவிட்டார்கள். காலனியைச் சேர்ந்த ஒரே ஒரு குடும்பம்தான் சிக்கிக்கொண்டது. அந்த வீட்டுக்காரி மொக்கம்மாள் சோற்றுத் தட்டால் மண்ணை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். நகமெல்லாம் பிய்ந்திருந்தது.

"இங்கனதாம்மா... இங்கனதான் சத்தங் கேக்குது... வெரசா வாங்கம்மா..."

மகள் ரோஜா முதலில் கிடைத்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண். தொடை எலும்பு முறிந்து இரத்தம் போய்க்கொண்டிருந்தது. சூர்யகலா துணியை இறுக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் கம்பு வைத்துப் பிணைத்தாள். சிறுமியின் முகம் வெளுத்திருந்தது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் உயிர் தங்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

தகப்பன் தவசி, சுவரும் மரமுமாக விழுந்ததற்கு அடியில் கிடந்தான். குழுவோடு வந்த மனோஜும் தோட்டத்து ஆட்களும் மரத்தை அறுத்துப் புரட்டினார்கள். வெளியே எடுத்தபோது நெஞ்சு ஒரு பக்கமாக அமுங்கியிருந்தது. ஆனாலும் கண்ணைத் திறந்தான்.

"பாப்பா?"

"நல்லாயிருக்குண்ணே. முன்னாடி போகுது," என்றாள் சூர்யகலா.

"அப்ப வாங்க. பின்னாடியே போவோம்," என்றான், ஏதோ சந்தைக்குப் புறப்படுகிறவனைப்போல.

இரண்டு தூக்குக் கட்டில்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. சரிவு இன்னும் அடங்கவில்லை. மேலே எங்கோ பாறை உருளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தூக்குகிறவர்கள் நின்று, பிறகு நடந்தார்கள். மொக்கம்மாள் புருஷனின் கட்டிலைப் பிடித்தபடி வந்தாள். அவன் இரண்டு தடவை ஏதோ முனகினான். அப்புறம் முனகவில்லை.

கோவில் ஒலிபெருக்கி கேட்கத் தொடங்கிய இடத்தில் சூர்யகலா அவன் கழுத்தில் விரலை வைத்தாள். கட்டிலை இறக்கச் சொன்னாள். நசுங்கிய நெஞ்சு என்று தெரிந்தும் அமுக்கினாள், மனோஜ் அமுக்கினான், மறுபடி அவள் அமுக்கினாள். பாண்டியராஜ் அவள் தோளைத் தொட்டு, "போதும்மா," என்றான்.

மொக்கம்மாளின் வாய் திறந்தது. சத்தம் வெளியே வருமுன் சூர்யகலாவின் கை அதை இறுக்கிப் பொத்தியது.

யாரும் சொல்லி அவள் அப்படிச் செய்யவில்லை. புருஷனை இழந்தவளின் வாயைப் பொத்துகிற கையாகத் தன் கை இருப்பதை அவளே அப்போதுதான் பார்த்தாள். ஆனாலும் எடுக்கவில்லை.

"அக்கா... அக்கா, என்னையப் பாருங்க. ஓடையில தடமில்ல. தெரு வழியாத்தான் போகணும். இவரு போயிட்டாருன்னு தெரிஞ்சா விடமாட்டாங்க. தீட்டுன்னு சொல்லிப் பாப்பாவையும் நிப்பாட்டிருவாங்க."

பாண்டியராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இல்லேன்னா... இவர இங்கனயே ஒரு மரத்தடியில வச்சுட்டு, தண்ணி வடிஞ்சப்பறம்..."

மொக்கம்மாள் திரும்பி மலையைப் பார்த்தாள். மண் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டிருந்தது. பொத்தியிருந்த கையைத் தானே விலக்கினாள்.

"மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்த மனுசன மறுபடி மண்ணுக்கே குடுத்துட்டு வரவா? மாட்டேன். தூக்குங்க. நான் அழுகல."

முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

சூர்யகலா தவசியின் கண்களை மூடினாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அதற்குமேல் இழுக்கக் கூடாது, முகம் தெரிய வேண்டும். மழைத்துளி விழுந்தும் அசையாத இமையை யாரும் கவனித்துவிடக் கூடாதென்று மனோஜைக் குடை பிடிக்கச் சொன்னாள். தான் தவசியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நாடி பார்ப்பதுபோல.

முன்னால் கிடந்த ரோஜா மெல்லக் கேட்டாள்: "அம்மா, அப்பா ஏன் பேச மாட்டேங்குது?"

மொக்கம்மாள் துணியை வாயிலிருந்து எடுத்தாள். "தூங்குறாருடி. நீ பேசாம படு." மறுபடி திணித்துக்கொண்டாள்.

தெருவின் மேல்கோடியில் வெள்ளைத்துரையும் இன்னும் சிலரும் குடையோடு நின்றிருந்தார்கள்.

"உசுரு இருக்குல்ல?"

மாமனாரிடம் சூர்யகலா இதுவரை பொய் சொன்னதில்லை. "இருக்கு மாமா. விடுங்க, வெரசாப் போகணும்."

"போங்க, போங்க. ஏலே, வழிய விடுங்கடா!"

தெரு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. வாசல்தோறும் ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் நெருங்கவில்லை, ஆனால் எல்லோர் முகத்திலும் இரக்கம் இருந்தது. பொய்யான இரக்கமில்லை அது. "அய்யோ பாவம், நம்ம தவசியா?" என்றாள் ஒருத்தி. "பொம்பளப்புள்ளைக்குக் காலு போச்சா?" என்று இன்னொருத்தி கண்ணைத் துடைத்தாள். ஒரு கிழவர் மொக்கம்மாளைப் பார்த்து, "தைரியமா இரு தாயி, பொழச்சுக்குவான்," என்றார். அவள் தலையை ஆட்டினாள். முந்தானையை இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டாள்.

சூர்யகலா தினமும் குப்பை கொட்டப் போய்வருகிற தெரு அது. இவ்வளவு நீளமென்று அவளுக்குத் தெரியாது. விரல்களுக்குள் அந்த மணிக்கட்டு குளிர்ந்துகொண்டே வந்தது.

கோவிலண்டை வந்தபோது வெள்ளைத்துரை கையைக் காட்டி நிறுத்தினார். அவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவரோ பூசாரியிடமிருந்து திருநீறு வாங்கி, தூக்கிப் பிடித்து, படாமல் அவள் உள்ளங்கையில் போட்டார்.

"அம்மா திருநீறு. நெத்தியில பூசிவிடு ஆத்தா. காலனிக்காரனா இருந்தா என்ன, உசுரு உசுருதான். அவ காப்பாத்துவா."

அவள் பூசினாள். ஈர நெற்றியில் திருநீறு குழைந்து ஒட்டிக்கொண்டது. மொக்கம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பந்தலைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் நின்ற ஜீப்பில் ரோஜாவைப் படுக்க வைத்தார்கள். பின்னால் ஒரு கட்டிலுக்குத்தான் இடமிருந்தது. மனோஜ் சிறுமியின் தலைமாட்டில் ஏறிக்கொண்டான். மொக்கம்மாளையும் ஏறச் சொன்னார்கள். அவள் மகளின் தலையைத் தடவி, "நீ போ சாமி. நான் அப்பாவக் கூட்டிக்கிட்டுப் பின்னாடியே வர்றேன்," என்றாள்.

பாண்டியராஜ் ஜீப்பைக் கிளப்பினான். தோட்டத்து ஆட்கள் தவசியைத் தூக்கிக்கொண்டு பந்தலடியில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். அடுத்த வண்டி வந்ததும் ஏற்றிவிடலாம், தெருவுக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும் என்று சூர்யகலா நினைத்தாள். ஜீப் தார்ரோட்டில் ஏறித் திரும்பி, மரங்களுக்குள் மறைந்தது.

"போயிருச்சாம்மா?" என்று கேட்டாள் மொக்கம்மாள்.

"போயிருச்சுக்கா."

"இனி யாரும் நிப்பாட்ட முடியாதுல்ல?"

"முடியாதுக்கா."

மொக்கம்மாள் வாயிலிருந்த முந்தானையை எடுத்தாள். பல் பதிந்த இடத்தில் துணி கிழிந்திருந்தது. தாழ்ந்த குரலில், அனுமதி கேட்பவளைப்போலக் கேட்டாள்:

"அப்ப நான் அழுகலாமாம்மா?"

சூர்யகலா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கோவில். படியில் வெள்ளைத்துரை. அவருக்குப் பின்னால் லிங்கேஸ்வரன். இரண்டு பக்கமும் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு நிற்கிற தெரு. கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள் என்று சொல்லலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"அழுங்கக்கா," என்றாள். பிறகு தூக்கி நின்றவர்களிடம், "எறக்கி வைங்க," என்றாள்.

கட்டிலைப் பந்தலுக்கு நடுவே இறக்கினார்கள். மொக்கம்மாள் புருஷனின் நெஞ்சில் விழுந்தாள். மலையிலிருந்து அடக்கிக்கொண்டு வந்த அத்தனையும் ஒரே ஓலமாகக் கிளம்பியது. ஒலிபெருக்கிப் பாட்டை அமுக்கிக்கொண்டு அது தெருவின் இரண்டு கோடிக்கும் போனது.

தெரு சிதறியது. "பொணம்டா!" என்று யாரோ கத்தினார்கள். கண்ணைத் துடைத்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. தைரியம் சொன்ன கிழவரைக் காணவில்லை. பூசாரி கோவில் நடையை இழுத்துப் பூட்டினார்.

வெள்ளைத்துரை படியிலிருந்து இறங்கினார். "எப்பப் போச்சு உசுரு?"

"தெருவுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே மாமா."

"இருக்குன்னு சொன்னியே! என் கையால திருநீறு..."

"ஆமா மாமா. உசுரு உசுருதான்னு சொல்லித்தான் குடுத்தீங்க. அந்த மனுசந்தான் இவரு. நீங்க குடுக்கும்போதும் இப்படித்தான் கெடந்தாரு."

அவர் அவளை அடிக்க வருபவரைப்போல ஓரடி எடுத்து வைத்தார்; பிணம் கிடக்கிற பந்தலுக்குள் கால் வைக்க முடியாமல் அங்கேயே நின்றார்.

"தெருவே கழுவணும். திருவிழா நின்னு போச்சு. எல்லாம் ஒன்னாலதான். இனி என் வாசப்படி ஏறாத. லிங்கேசு, சொல்லுடா அவகிட்ட!"

லிங்கேஸ்வரன் அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அவனிடமிருந்து ஒரு சொல் வருமென்று சூர்யகலா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டாள்.

அவள் பந்தலுக்குள் திரும்பினாள். ஈர மண்ணில் மொக்கம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அந்தத் தெருப் பெண்கள் தங்கள் சொந்தபந்தத்துக்கு மட்டும் செய்கிறதுபோல, மொக்கம்மாளின் தோளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஒப்பாரி சொல்ல அவளுக்குத் தெரியாது. மொக்கம்மாள் சொன்னதை, ஒவ்வொரு வரியாக, சாத்திய கதவுகளுக்குக் கேட்கிற மாதிரித் திருப்பிச் சொன்னாள்.