தனி உலை

பெரம்பலூருக்குக் கிழக்கே புறம்போக்கில் நான் முளை அடித்து முடித்தபோது, நாற்பது மனையும் இட்டிலித் தட்டுக் குழி மாதிரி ஒரே அளவில் இருந்தன. சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. கடலை மில்லும் பஸ்ஸும் வந்து டவுன் பெருத்துக்கொண்டிருந்தது. கூலிக்கு வந்தவர்கள் பண்ணையார் நிலத்து ஓரத்தில் குடிசை போட்டு, அவர் முறைத்தால் பிரித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு சர்க்காரே மனை அளந்து வீடு கட்டித் தரப்போகிறது. ஓவர்சீயரான எனக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஓர் அடுப்புக்கு ஒரு வீடு என்பது தாசில்தார் கணக்கு. அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டவள் ராசாத்தி. புருஷன் பர்மா சண்டையில் செத்துப்போனான், பிள்ளை இல்லை. மாமியார் பொன்னம்மாளோடு ஒரே குடிசையில் இருந்தாள். வீடு மாமியார் பெயரில் வந்தால், கிழவி கண்ணை மூடிய மறுநாளே மூத்த மகன் மதுரைவீரன் இவளை வெளியே துரத்திவிடுவான். அதை அவன் டீக்கடையில் வைத்தே சொல்லியிருந்தான்.

"ஒலையத் தனியா வெச்சிட்டா?" என்று என்னிடம் வந்து கேட்டது ராசாத்தி இல்லை, பொன்னம்மாள்.

"வெச்சா ரெண்டு குடும்பம்" என்றேன். பொய்க்குத் துணைபோன பாவத்தை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தாசில்தார் பார்வையிட வந்த அன்று குடிசைக்கு இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. களி வெந்ததும் ராசாத்தி, பழக்கதோஷம், முதல் உருண்டையை மாமியார் தட்டில் போட்டுக் கருவாட்டுக் குழம்பையும் ஊற்றிவிட்டாள். கிழவியும் ஒரு வாய் தின்றுவிட்டாள்.

"என்ன சவரிராஜ், இதுதான் ரெண்டு குடும்பமா?" என்றார் தாசில்தார்.

பொன்னம்மாள் கையைக்கூடக் கழுவாமல் எழுந்தாள். "கொழம்பு குடுத்தா ஒரே குடும்பமாங்கய்யா? அப்ப இங்க இருக்கற அத்தன பேரும் ஒரு குடும்பந்தான். நாப்பது வூடு எதுக்கு, ஒண்ணு கட்டுங்க போதும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் செத்தா எம்மவன் இவளத் தெருவுல தள்ளுவான். பெத்தவ நானே சொல்றேன். இவ பேருல ஒரு வூடு வேணுங்க."

தாசில்தார் என் கையிலிருந்த மனை வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். "ஒரு மனையப் பாதியாக்கலாமாய்யா?"

"நடுவுல ஒரு சுவரு போட்டா ஆச்சு சார்" என்றேன்.

அதோடு நிற்கவில்லை அவர். ஒவ்வொரு குடிசையாகப் போய் யார் யார், என்ன வேண்டும் என்று கேட்டார். பொழுது சாய்வதற்குள் அடித்த முளையில் பாதியைப் பிடுங்கினேன். ஆடு வளர்த்த அங்கமுத்துவுக்குக் கொல்லை நீண்டது. அண்ணன் தம்பிகளுக்கு மனைகள் பக்கம் பக்கமாக வந்தன. ஒண்டிக்கட்டைகளுக்குப் பாதி வீடு. பாதி வீடுகளால் இடமும் செலவும் மிச்சமானதால், இடமில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தவர்களையும் கூப்பிட்டுவிட்டோம். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையையும் கலைத்ததில்லை.

தை மாதம் கூரை வேய்ந்து பால் காய்ச்சினார்கள். மறுநாளே மதுரைவீரன் வந்து நின்றான்.

"எங்கம்மா வூட்ல ஒனக்கு என்ன வேல?"

ராசாத்தி வாசலை விட்டு நகரவில்லை. "இது என் வூடு. அத்த வூடு அடுத்தது."

அவன் அடுத்த வாசலுக்குப் போனான். படல் கதவு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ராசாத்தி வீட்டுக்குள்ளிருந்து கிழவி அம்மியில் மிளகாய் அரைக்கும் சத்தம் கேட்டது.