பாலம் பூட்டிய சாயங்காலம்

தூக்குப்பாலத்தை ஆறு வாரத்துக்குத் தூக்கமாட்டோம் என்று அறிவிப்புப் பலகை வைத்த நாளிலிருந்து அந்தக் கால்வாய்க்காரர்களுக்குப் பேச வேறு விஷயமே இல்லாமல் போயிற்று. பாலத்தின் பெரிய அச்சில் பேரிங் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அதுவரை பாலம் கீழேயே கிடக்கும். மேலே பஸ்ஸும் லாரியும் தம் பாட்டுக்குப் போய்வரலாம். உயரமான கம்பம் வைத்த படகு ஒன்றுகூட அடியில் நுழைய முடியாது. கடல் பக்கம் நிற்கிற படகு வெளியேதான், ஊர்ப் பக்கம் நிற்கிற படகு உள்ளேதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசியாக ஒருமுறை தூக்குவார்கள். அதற்குள் உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்துகொள்வது அவரவர் பாடு.

இதில் யாருக்கு என்ன கவலையோ, பாலத்தை இயக்குகிற பாலக்காவுக்கு ஒரே கவலைதான். அவள் வீட்டுக்காரர் வெளியே இருந்தார்.

பாலக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரா என்ன? பாலத்து அக்கா பேச்சுவாக்கில் பாலக்கா ஆகிவிட்டாள். பாலத்து ரோட்டு கேட்டை இறக்கி ஏற்றுகிற, அவளைவிடப் பத்து வயது மூத்த கேட்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். "நான் உங்களுக்கு அக்காவா?" என்று எத்தனை தடவை கேட்டாலும் அந்த மனுஷருக்கு உறைக்காது.

அந்தக் கால்வாயில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வீட்டில் இருக்கிறானா என்று யாரும் கேட்கமாட்டார்கள். "படகு உள்ளேயா, வெளியேயா?" என்றுதான் கேட்பார்கள். படகு எங்கே கட்டியிருக்கிறதோ அங்கேதான் படகுக்காரன் தூங்குவான். படகை ஓரிடத்திலும் உடம்பை ஓரிடத்திலும் போட்டு வைக்கிற ஆளை அங்கே யாரும் பார்த்ததில்லை. வீடுகளின் பின்வாசல் நேராகத் தண்ணீரில் இறங்கும். படகைக் கட்டிவிட்டு நாலு படி ஏறினால் சாப்பாடு. பாலக்காவும் கல்யாணமான நாளிலிருந்து புருஷன் வருவதைக் கம்பத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். முகம் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே கம்பம் தெரிந்துவிடும் அல்லவா?

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிக்கக்கூடாது. பாலக்கா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த மூன்று நாளும் அந்த மனுஷர் பின்வாசலில் உட்கார்ந்து படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கிளிப்பச்சை. அடித்தளத்திலிருந்து கம்பத்து உச்சிவரை. அவள் தண்ணீர் கேட்டு முனகினால், "ரெண்டாவது கோட் முடிஞ்சிடுச்சு, இதோ வந்துட்டேன்" என்று ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் வரும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் மாமியார்தான்.

காய்ச்சல் இறங்கியது, கோபம் ஏறியது.

"நீங்க பேசாம அந்தப் படகையே கட்டியிருக்கலாம். அதுக்குக் காய்ச்சலும் வராது, வாயும் கிடையாது."

"வாய் இல்லாததுதான் நிம்மதி" என்றார் அவர். சும்மா இருந்திருக்கலாம்.

அப்புறம் என்ன, வார்த்தை தடித்தது. "இனிமே அந்தப் படகு இந்தப் படியில வந்து நிக்கக்கூடாது" என்று பாலக்கா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இதில் கொடுமை என்னவென்றால், அவரை வெளியே அனுப்பப் பாலத்தைத் தூக்கியதும் அவளேதான். அவள் வேலைக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றார். தூக்கமாட்டேன் என்று சொல்ல அது அவள் அப்பன் வீட்டுப் பாலமா? தூக்கினாள். பச்சைக் கம்பம் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று.

பத்து நாளாயிற்று. எதிர்க்கரையில், கடல் பக்கத்துத் துறையில், அந்தக் கம்பம் நின்றுகொண்டே இருந்தது. அவரும் போன் பண்ணவில்லை, இவளும் பண்ணவில்லை. யார் முதலில் இறங்கிவருவது என்கிற வீம்பு. பாலக்காவுக்கு உள்ளுக்குள் பயம் என்னவென்றால், பத்து நாள் வீம்பை ஒருமாதிரி சமாளித்துவிடலாம். அதுவே ஆறு வாரமானால் வீம்பு என்ற பேர் போய்ப் பழக்கமாகிவிடும். தனியாகச் சமைத்து, தனியாகத் துவைத்து, வாயில்லாத படகோடு நிம்மதியாக இருந்து பழகிவிட்டால் அப்புறம் பாலத்தைத் தூக்கினால் என்ன, இறக்கினால் என்ன?

வெள்ளிக்கிழமை மதியம் மாமியார் டிபன் கேரியரோடு கேபின் படியேறி வந்து, மூச்சு வாங்கி உட்கார்ந்தார்.

"ஏம்மா, படகு உள்ளேயா வெளியேயா?"

"உங்க பிள்ளைதானே அத்தை, என்னைக் கேட்டா?"

"பிள்ளையைத்தான் நான் பெத்தேன். ரோஷம் அவங்கப்பா குடுத்தது." மாமியார் ஒவ்வொரு டப்பாவாகப் பிரித்து வைத்தார். "நீ ஒரு போன் பண்ணினா குறைஞ்சா போயிடுவ?"

"காய்ச்சல்ல கிடந்தது நானு. நான் ஏன் பண்ணணும்?"

"நியாயம்தான். நான் உன் பக்கம்தான்." கரண்டியை அவள் கையில் கொடுத்தார். "ஆனா நியாயத்தைக் கட்டிக்கிட்டு ஆறு வாரம் தூக்கம் வருமா, அதையும் சொல்லு."

மாமியார் போனதும் பாலக்கா போனை எடுத்தாள். புருஷன் நம்பரை எடுத்து, மணி அடிப்பதற்குள் கட் பண்ணினாள். பிறகு சத்தத்தை அணைத்துப் பையில் போட்டுப் பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். பாலம் தூக்குகிற நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்பது கேபின் சட்டம். சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அன்றைக்கு வசதியாகவும் இருந்தது. சோறு அப்படியே இருந்தது.

ஐந்து மணிக்கு எஞ்சினியர் தம்பி ஆட்களோடு வந்துவிட்டார். பாலம் இறங்கியதும் இரண்டு பக்கமும் இரும்புப் பூட்டுக்கட்டை போட்டு முறுக்கிவிட்டு, ராத்திரியே அச்சைப் பிரிக்க வேண்டும் என்று அவருக்கு அவசரம். கேட்காரர் கேட்டை இறக்கினார். எதிர்க்கரையில் தானாக இறங்குகிற கேட். அங்கே ஆள் கிடையாது. பாலக்கா சைரன் சங்கை ஊதிப் பொத்தானை அமுக்கினாள். தேய்ந்த பேரிங் முனகிக்கொண்டே பாலத்தை மேலே கொண்டுபோயிற்று. அது முழுதாக நிமிர்ந்து நின்றால் எதிர்க்கரை ரோடு சுத்தமாக மறைந்துவிடும். கேபினிலிருந்து தெரிவது தண்ணீரும் அதன் ஓரத்துப் படகுகளும்தான்.

படகுகள் வந்தன. மணல் படகு உள்ளே வந்தது. மீன் படகுகள் சில வெளியே போயின, சில உள்ளே வந்தன. ஒவ்வொருவனும் கேபினைப் பார்த்துக் கை ஆட்டி ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போனான்.

"பாலக்கா, ஆறு வாரம் சம்பளத்தோட லீவா?"

"உனக்கு ஏன் வயிறு எரியுது? போ, போ!"

சிரித்துத்தான் சொன்னாள். கண் மட்டும் பச்சைக் கம்பத்தின் மேலேயே இருந்தது. அது அசையவில்லை. கடைசிப் படகும் அடியில் புகுந்து உள்ளே போய்விட்டது. தண்ணீர் காலியாகிவிட்டது.

"இறக்கிடலாமா அக்கா?" என்று கீழேயிருந்து எஞ்சினியர் கேட்டார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு தம்பி."

"எது?"

"அதோ, பச்சைக் கம்பம். இப்பக் கிளம்பிடும்."

எஞ்சினியர் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார். "அதுல ஆளே இல்லாத மாதிரி இருக்கே அக்கா."

ஆளில்லாமல் எப்படி இருக்கும்? படகு இருந்தால் ஆள் இருப்பார். உள்ளே மல்லாந்து படுத்துக்கொண்டு, அவள் பாடு திண்டாட்டமாகட்டும் என்று வேண்டுமென்றே கிடப்பார். பாலக்காவுக்கு அவர் படுத்திருக்கிற தோரணைகூடக் கண்ணில் தெரிந்தது.

நேரம் ஆக ஆக ரோட்டில் சத்தம் கூடியது. இந்தப் பக்கம் பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. எதிர்ப்பக்கமும் அதே கூத்து. பாலத்துக்குப் பின்னாலிருந்து ஹாரனும் கத்தலும் கலந்து வந்தன. கேட்காரர் படியில் பாதி ஏறி வந்து நின்றார்.

"பாலக்கா, ஜனங்க என்னைத் திட்டறாங்க. என் பரம்பரையவே இழுக்கறாங்க."

"காதை மூடிக்கங்க."

"அந்தப் பக்கம் ஒரு ஆளு தொண்டை கிழியக் கத்தறான், இங்க வரைக்கும் கேக்குது."

"கத்தட்டும். அவனுக்கு என்ன, எனக்கு இருக்கிற அவஸ்தையா?"

பிறகு அவள் செய்ததை அந்தக் கால்வாயில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சங்குப் பொத்தானில் கையை வைத்து நீளமாக ஒரு ஊது ஊதினாள். பாலம் படகைக் கூப்பிடுகிற ஊது அது. வா, வழி இருக்கிறது என்று அர்த்தம். வருகிற படகு ஏதும் இல்லாதபோது அதை ஊதுகிற வழக்கமில்லை. கேட்காரருக்கு விளங்கிவிட்டது, இறங்கிப்போனார். கரை இரண்டிலும் நின்ற அத்தனை பேருக்கும் எதிரில், பத்து நாள் வீம்பை ஒரே ஊதில் தூக்கிப்போட்டுவிட்டாள். மறுபடி ஊதினாள். கம்பம் நின்ற இடத்திலேயே நின்றது.

அரை மணிக்கு மேலாயிற்று. எஞ்சினியர் தம்பியே மேலே வந்துவிட்டார். கோபமாகத்தான் வந்திருப்பார், அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது.

"அக்கா, இதுக்கு மேல தாங்காது. பேரிங் வேற இந்த நிலைமையில இருக்கு."

"சரி தம்பி" என்றாள். இறக்குகிற பொத்தானை அமுக்கினாள். பாலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ, அவள் முகத்தை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். போகட்டும், படகோடேயே இருக்கட்டும், என் காய்ச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பாலம் தரையில் உட்கார்ந்த அதிர்வில் கேபின் ஒரு குலுங்கு குலுங்கியது. கேட் திறந்தது.

முதலில் நடப்பவர்கள்தான் வருவார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர், குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு பெண், அவர்களையெல்லாம் முந்திக்கொண்டு தோளில் பையோடு விடுவிடுவென்று ஒரு ஆள். முழங்கையில் இன்னும் போகாத கிளிப்பச்சை.

அந்த மனுஷர் நடந்து வந்து பாலக்கா பார்த்ததே இல்லை.

அவர் கேபினுக்கு நேர் கீழே வந்து, தலையை நிமிர்த்தி, கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில் கேட்டார். "யாருக்காக இவ்வளவு நேரம் தூக்கி வச்சிருந்த? ஒரு படகும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! சரியா அஞ்சுக்கு வந்து நிக்கறேன், லாரி முன்னாடி போயிடுச்சு, எனக்குக் கேட்டை இறக்கிட்ட!"

"உங்களுக்காகத்தான்!" பாலக்கா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள். "வேற யாருக்காக?"

"எனக்காகவா? நான் அந்தப் பக்கம் நின்னு கத்திக்கிட்டு இருக்கேன், நீ கடலைப் பாத்துச் சங்கு ஊதறியா?"

"ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"பண்ணினேன். நீ எடுத்தாத்தானே!"

"பாலம் தூக்கற நேரத்துல போன் எடுக்கக்கூடாது, தெரியாதா?"

"தெரியும். அதான் கத்தினேன்."

பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. இவ்வளவு நேரம் திட்டிய பஸ்காரன் இப்போது வண்டியை எடுக்காமல் வேடிக்கை பார்த்தான். பாலக்கா தடதடவென்று படியிறங்கி ஓடினாள். கிட்டத்தில் போனதும் வாயில் வந்தது வழக்கமான கேள்விதான்.

"படகு?"

"வெளியேதான்" என்றார். "உள்ள கொண்டு வந்தா ஆறு வாரம் கடலுக்குப் போக முடியாது. பக்கத்துப் படகுக்காரன்கிட்டப் பாத்துக்கச் சொல்லிட்டேன். காலையில நடந்து போவேன், ராத்திரி நடந்து வந்துடுவேன்."

"படகை விட்டுட்டா? ராத்திரியிலயா?"

"ஆமா." அவர் பையை வேறு தோளுக்கு மாற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். "படியில படகுதான் நிக்கக்கூடாதுன்னு சொன்ன. ஆளு வரக்கூடாதுன்னு சொல்லலையே. எதுக்கும் பார்க்கலாம்னு வந்தேன்." "நீ தண்ணி கேட்டப்ப நான் எழுந்து வந்திருக்கணும். தப்புதான்."

பாலக்காவுக்கு அப்பாடா என்று இருந்தது. பத்து நாளாக எங்கேயோ போயிருந்த உயிர் திரும்பி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, அவர் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "நடந்தா இவ்வளவு கிட்டவா?" என்றாள். இத்தனை வருஷமாகப் பாலத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தும் அதன் மேல் அவரும் நடந்து வரலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

எஞ்சினியர் தம்பி பூட்டுக்கட்டையும் ஸ்பானருமாக நின்ற ஆட்களை நிறுத்திவிட்டு, அவளை ஒரு தடவை பார்த்தார்.

"பூட்டிடலாமா அக்கா? பூட்டிட்டா நடுவுல யாருக்காகவும் தூக்க முடியாது."

"நல்லா முறுக்கிப் பூட்டுங்க தம்பி" என்றாள் பாலக்கா. "இவர் தினமும் நடந்து வரணும்."