சமையலம்மாவின் பேட்டி

மகள் பெரிய பாடகி ஆனதில் அம்மாவுக்குக் கிடைத்த லாபம், உயிரோடு இருக்கும்போதே செத்துப்போனதுதான்.

அந்தப் பாட்டை மகளே எழுதி, மெட்டமைத்து, பாடினாள். செத்துப்போன தாயைத் தேடும் பாட்டு. வெறும் கற்பனை. முதல் பேட்டியிலேயே ரேடியோக்காரர் குரல் தழுதழுக்க, அம்மா எப்போது தவறினார்கள் என்று கேட்டுத் தொலைத்தார். நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊரே அழுதது, பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் அம்மாவைப் பிழைக்கவைப்பது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மாவைச் சமையலம்மா என்று மகள் சொல்லிவைத்தாள். படுபாவிகள், ஒருத்தராவது மூக்கைக் கவனித்திருக்கக் கூடாதா? இருவருக்கும் ஒரே மூக்கு.

போன வாரம் மகள் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்து, தன்னைப் பற்றி எடுக்கப்போகும் படத்தில் உண்மையைச் சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்தாள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. படக்காரர்கள் வந்த அன்று குளித்து, இருப்பதில் நல்லதை உடுத்தி, கண்ணாடி முன் நின்று, "நான்தாங்க அவ அம்மா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

விளக்குகளுக்கு நடுவே சோபாவில் உட்கார்ந்து மகள் பேசினாள். அம்மா காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்று கேட்டாள். மகள் பேச்சோடு பேச்சாக அம்மாவின் கடைசி நாளுக்கு வந்தாள். இந்த முறை ஆஸ்பத்திரி ஜன்னலும் மழையும் புதிதாகச் சேர்ந்திருந்தன. அம்மா தட்டைப் பக்கத்து மேஜையில் ணங்கென்று வைத்தாள்.

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். பழைய ஆள் போலிருக்கிறதே, இவரும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று நாற்காலி போடச் சொன்னார். மைக்கைக் குத்திவிட்டுக் கேட்டார்: "இவங்க அம்மாவ நீங்க பாத்திருக்கீங்களா?"

அம்மா மகளைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று பார்த்தாள். மகள் இமைகூடக் கொட்டவில்லை.

"பாத்திருக்கேன். பொண்ணுன்னா அவங்களுக்கு உசிரு. இவ பாடறத கேக்கத்தான் குடுத்து வைக்கல."

சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்து வழிந்தது. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். ஒலிப்பதிவாளர் மட்டும், தெருவில் போன லாரிச் சத்தம் விழுந்துவிட்டது, இன்னொரு டேக் வேண்டும் என்றார்.

மகள் எழுந்து வந்து அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள். அம்மாவுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஆனால் மகள் பாட்டெழுதுகிறவள் ஆயிற்றே. எந்தச் சொல் எங்கே விழ வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. பேச ஆரம்பித்த நாளிலிருந்து நீ, வா, போ என்றே பேசியவள், மரியாதையாகச் சொன்னாள்.

"அந்த உசிருங்கறத கடைசியில சொல்லுங்க. அதுவரைக்கும் அழுகைய அடக்கி வைங்க."

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகள் சொன்னபடியே, சொல் பிசகாமல் சொன்னாள். முதல் டேக்கை விட இதுதான் நம்பும்படி இருந்தது என்றார் இயக்குநர். மகள்தான் முதலில் கைதட்டினாள்.